கழுகுமலை ஏற்றத்தில் உட்காருதலின் இடம்: ஒரு முன்னோடி ஆய்வு

மலை ஏறுவது கால்களின் வேலை என்றே அறிஞர்கள் இதுவரை நம்பி வந்திருக்கிறார்கள். ஆலங்குளம் பக்கமிருந்து சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களைக் கவனித்ததில், அது பெரும்பாலும் பிட்டத்தின் வேலை என்று தெரியவருகிறது.

கரிசல் காட்டுக்கு நடுவே தீவுபோல எழுந்து நிற்கும் பாறை மலை அது. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டதும் ஏற்றம் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் முதல் உட்காருதலும் தொடங்குகிறது. உட்காருகிறவர் தமக்குக் களைப்பு என்று ஒருபோதும் சொல்வதில்லை. இது விதி. “மதினி பின்னால வாராக, செத்த இருப்போம்” என்பார். மதினி முன்னால் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். அடுத்த திருப்பத்தில் காற்று காரணமாகிறது. அதற்கடுத்து கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டத்தை நின்றுகொண்டு தின்பது முறையல்ல.

சான்று பாறையிலேயே இருக்கிறது. இங்கே செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாகச் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார்கள். கீழே வட்டெழுத்தில், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள்; குரத்தியர் என்ற பெண் துறவிகளின் பெயர்களும் உண்டு. மலையேறி வந்தவர்கள் உட்கார்ந்திருப்பவரின் உருவத்தையே விரும்பிச் செய்வித்தது எம் கோட்பாட்டுக்குப் பலம். அது தியான நிலை என்பார்கள் சமயவியலார். அவர்கள் அதை மூச்சு வாங்காமல் எழுதியிருப்பதால் ஏற்பதற்கில்லை. நிற்பவரும் இல்லாமல் இல்லை, பாகுபலி நிற்கிறார். விளைவு? உடம்பில் கொடி படர்ந்து, அதை விலக்கச் சகோதரிகள் இருவர் வர வேண்டியதாயிற்று.

அடுத்து வெட்டுவான் கோயில். பாறையைச் சுற்றிலும் அகழ்ந்து, மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒற்றைக்கல் கோயில். 8ஆம் நூற்றாண்டில், பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில் உருவானது என்று கணிக்கிறார்கள். விமானம் கண்ணைப் பறிக்கிறது. தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார், உட்கார்ந்துகொண்டுதான். ஆனால் அடிப்பகுதி முடியவில்லை. தகப்பன் சிற்பிக்கும் மகன் சிற்பிக்கும் போட்டி மூண்டு, தகப்பன் மகனைக் கொன்றுவிட்டான் என்பது ஊர்க்கதை. இவ்வளவு ரத்தம் தேவையில்லை. சிகரத்திலிருந்து இறங்கிவரும் வேலையில் பெரும்பகுதியை நின்றே செதுக்கலாம். அடித்தளத்துக்கு வந்ததும் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர் எழுந்ததாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

ஒப்பீட்டுக்கு ஆனைமலையைப் பார்க்கலாம். ஆலங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள உக்கிரன்கோட்டைதான் அன்றைய கரவந்தபுரம். அவ்வூர் மாறன்காரி அதே நெடுஞ்சடையனுக்கு அமைச்சர். மதுரை ஆனைமலையில் நரசிம்மருக்குக் குடைவரை எடுத்தார். குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோனார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி வேலையை முடித்துவைத்தார் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. ஆகவே பாறை வேலை நிறைவேற மன்னன் மட்டும் போதாது, ஒரு தம்பியும் வேண்டும். இன்றும் புளியோதரைத் தூக்கைச் சுமந்து ஏறுகிறவன் தம்பிதான்.

கோட்பாட்டுக்கு ஒரே ஒரு இடைஞ்சல் உண்டு. ஆலங்குளம் பக்கத்தில் சுளகை மடியில் வைத்து, காலையிலிருந்து பொழுதடையும்வரை பீடி சுற்றும் பெண்கள் மலையில் எங்குமே உட்காருவதில்லை. “அதான் தெனமும் இருக்கோமே, நீங்க இருந்துட்டு வாங்க அத்தான்” என்று மேலே போய்விடுகிறார்கள். தீர்த்தங்கரர்களை நிதானமாக நின்று பார்ப்பதும், சமண இயக்கி அம்பிகையின் சிங்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் அவர்கள்தான். ஆண்கள் வந்து சேரும்போது அவர்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். இவர்களையும் கணக்கில் எடுத்தால் கோட்பாடு நிற்காது என்பதால் எடுக்கவில்லை.