மேட்டூர் வெயிலுக்கு ஒரு கம்பளிச் சால்வை

ஏங்கண்ணு, வெளிய கால வெச்சா செருப்பு தாரோட ஒட்டிக்குது, நீ ரஷ்யாக்காரி மாதிரி கம்பளிச் சால்வை பின்னப் போறியாமா? பின்னு சாமி, பின்னு. போத்திக்க ஆளில்லன்னா 1934ல இருந்து தண்ணியிலயே நிக்கற நம்ம அணைக்குப் போத்தி உடலாம்.

உரால் ஆத்தங்கரையில ஒரென்பர்க்குன்னு ஊராம். ஆட்டோட அடிமயிர நூலாத் திரிச்சு அவங்க பின்னற சால்வை ஒரு மோதிரத்துக்குள்ள நுழைஞ்சு வந்துருமாம். நம்மூட்டு மோதிரம் அடகுக் கடையில கெடக்குது. அத மீட்டுட்டு வா, அப்பறம் சோதிக்கலாம்.

பன்னண்டு கலர்ல உல்லன் நூலு வந்து எறங்கிருச்சு, இன்னும் ஒரு சங்கிலி பின்னின பாடில்ல. நெல்லிக்காய்க் கூடை போடக் கத்துத் தரேன்னு கூப்பிட்டப்ப வயரு விரல அறுக்குதுன்னு ஓடுனவ தானே நீ? அதெல்லாம் கட்டி வெச்சுட்டு, நாலு மில்லிமீட்டர் குரோஷா ஊசி ஒண்ணும் பருத்தி நூலு ஒரு உருண்டையும் எடு. வெளிர் கலரா எடு. கறுப்புல கண்ணியே தெரியாது, கண்ணாடிக் கடைக்காரனுக்குத்தான் யோகம்.

மொதல்ல சங்கிலி. மாமியா மேல இருக்கற கோவத்தையெல்லாம் நூல்ல காட்டி இறுக்காத, திரும்பி வர்றப்ப ஊசி உள்ள போவாது. ஒரு வரி முடிஞ்சா ஒத்தச் சங்கிலி போட்டுத் திருப்பு. மொதக் கண்ணியிலயும் கடேசிக் கண்ணியிலயும் ஆளுக்கொரு ஊக்கு மாட்டி வெய்யி. எல்லாரும் கோட்டை உடறது அந்த ஓரத்துலதான். வரிக்கொரு கண்ணி நழுவி, சதுரமா ஆரம்பிச்சது முக்கோணமா நிக்கும். நின்னா பழனியாண்டவருக்குக் கோவணம்னு சொல்லிச் சமாளிச்சுக்க.

அப்பறமா ரெட்டை ஊசிக்குப் போ. ரஷ்யாக்காரிங்க நூல எடது ஆள்காட்டி விரல்ல மாட்டிட்டு, பர்லுங்கற மறுபக்கக் கண்ணியையும் ஊசி நுனியால லேசா வழிச்சு எடுத்துருவாங்க. கை அலுப்பு கம்மி. ஆனா அந்தக் கண்ணி ஊசியில திரும்பி ஒக்காந்திருக்கும். அடுத்த வரியில அதோட பின்னங்கால்ல ஊசிய உடணும். முன்னங்கால்ல உட்டேன்னு வெய்யி, முறுக்கிக்கும், உங்க தாத்தன் மூஞ்சியாட்டம்.

நூலு தீந்துட்டா முடிச்சுப் போடறதில்ல அவங்க. ரெண்டு முனையையும் ஒண்ணுல ஒண்ணு கோத்து, ஒவ்வொரு முனையையும் தையல் ஊசியில மாட்டி அதது நூலுக்குள்ளயே ரெண்டு அங்குலம் ஓட்டி இழுத்துருவாங்க. எங்க சேந்துச்சுன்னே தெரியாது. வழுக்கற நைலான் நூல்ல மட்டும் பண்ணாத, உருவிக்கும்.

இதுக்கெல்லாம் எங்க நேரம்னு இழுக்காத. 2016ல நம்ம மெட்ராஸ்ல பொம்பளைங்க கூடி 11,148 சதுர மீட்டருக்குக் குரோஷாப் போர்வை பின்னிக் கின்னஸ்ல பேர் வாங்கிட்டாங்க. கிட்டத்தட்ட ரெண்டேமுக்கால் ஏக்கரா! நம்ம பங்காளிங்க அரை ஏக்கராவுக்கே கோர்ட்டு வாசல்ல குந்தியிருக்காங்க.

நீ அவ்வளவெல்லாம் பின்ன வேண்டாம். எனக்கொரு சுருக்குப் பை போடு, வெத்தல பாக்கு வெச்சுக்க. கண்ணிய மட்டும் நெருக்கிப் போடு கண்ணு, சில்லறை கீழ உழுந்தா அந்தக் கணக்கு உன் பேர்லதான்.