பிஸ்தாகம இல்லாத கண்டி வீதி: பிலிமத்தலாவையிலிருந்து ஒரு விலையியல் ஆய்வு

கொழும்பிலிருந்து கண்டி வரையுள்ள 115 கிலோமீற்றரை வீதி என்று அழைப்பது பொறியியலாளர் வழக்கம். சாமான் வாங்குபவர்களுக்கு அது ஒரே நீளக் கடை. பஸ்யாலையில் கஜுகம, வாகனம் வேகம் குறைத்தால் போதும், பெண்கள் கஜுப் பைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். வேவல்தெனியவில் பிரம்புக் கதிரை. வரக்காப்பொலையில் எள்ளுருண்டை. மொலகொடையில் சட்டி, பானை. கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கி மேலே வந்தால் எங்கள் பிலிமத்தலாவை, இங்கே பித்தளை. குத்துவிளக்கு, பாக்குவெட்டி, யாரும் வாங்காத பெரிய யானை என்று கடைவாசல் முழுக்க மின்னும்.

இதிலிருந்து இவ்வாய்வாளர் வகுத்த முதல் விதி: எந்தப் பொருளுக்கு வீதியோரம் ஓர் ஊர் உண்டோ, அந்தப் பொருளுக்குப் பேரம் உண்டு. கஜுகமவில் விலையைக் கேட்டுவிட்டு நாலடி நடந்தால் விலை பின்னாலேயே ஓடிவரும். பிஸ்தாகம என்று ஓர் ஊர் இந்த வீதியில் கிடையாது. பிஸ்தாவை வாங்காமல் நாலடி நடந்தால், நடந்ததுதான் மிச்சம்.

ஆய்வுக்குத் தூண்டுகோல் தீபாவளி. பால்கோவாவின் மேல் தூவ ஒரு பிடி பிஸ்தா வாங்கிவரும்படி வீட்டில் உத்தரவு. ஐந்நூறு ரூபாயோடு சந்திக்குப் போனவன் அரைமணி நேரத்தில் ஒரு பை கச்சானோடு திரும்பினேன். அன்று வீட்டில் நடந்த விவாதம் இக்கட்டுரையின் பரப்புக்கு அப்பாற்பட்டது.

முதலில் சொல்லாராய்ச்சி. பாரசீகத்தில் ‘பிஸ்தே’, நம்மிடம் வந்து ‘பிஸ்தா’. வரும்போதே விலையையும் சொல்லுக்குள் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. “நீ என்ன பெரிய பிஸ்தாவா?” என்று தமிழன் கேட்கிறான்; “நீ என்ன பெரிய கச்சானா?” என்று இதுவரை யாரும் யாரையும் கேட்டதில்லை. 1997இல் கார்த்திக் நடித்த படத்துக்கே ‘பிஸ்தா’ என்று பெயர். எங்கள் தலைமுறை பிஸ்தாவை நிறமாகத்தான் முதலில் அறிந்தது. அறைச் சுவர் பிஸ்தாப் பச்சை, அம்மாவின் சேலை பிஸ்தாப் பச்சை, ஐஸ்கிரீமும் அதே பச்சை. அந்த ஐஸ்கிரீமில் இருந்தது எசன்ஸ். பருப்பைக் கண்ணால் கண்டபோது, சுவர் அளவுக்கு அது பச்சையாக இல்லையே என்று ஏமாந்தவர்கள் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரையும் பிரித்துப் பார்ப்போம்: சிங்களத்தில் ‘பிலிம’ என்றால் சிலை, ‘தலாவ’ என்றால் சமவெளி. சிலைக்கும் பிஸ்தாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் பார்க்கிறோம்.

அடுத்தது தாவரவியல். மா, கஜு எனும் மரமுந்திரிகை, பிஸ்தா மூன்றும் ஒரே குடும்பம். மாமரம் கேளாமலே பக்கத்து வளவிலும் காய் போடும். கஜு மரம் புத்தளத்து மணலிலும் பிழைத்துக்கொள்ளும். பிஸ்தா மட்டும் அந்தக் குடும்பத்தில் செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை. அதற்குக் கோடையில் பாலைவன வெயில் வேண்டும், மழை ஆகாது. மாரியிலோ, பெயர்பெற்ற சில ரகங்களுக்கு 7 பாகைக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மணித்தியாலக் குளிர் வேண்டும். பிலிமத்தலாவையில் தை மாதத்து விடியற்காலையிலும் அந்தக் குளிர் எட்டிப் பார்ப்பதில்லை; நாங்கள் ஸ்வெட்டர் போடுவது ஸ்வெட்டர் இருப்பதால்தான். உலகத்து மரங்களையெல்லாம் கொண்டுவந்து நட்டுப் பார்த்த பேராதனைப் பூந்தோட்டம் 1821 முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 147 ஏக்கர் நிலம் தரலாம். மாரிகாலத்தை எங்கிருந்து தருவது?

குளிர் கிடைத்தாலும் கதை முடியாது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரம் காய்க்காது. ஆனாலும் அதற்கும் நிலமும் தண்ணீரும் கொடுத்து, காற்று சரியான திசையில் வீசும் என்று காத்திருக்க வேண்டும். ஒட்டுக்கன்று முதற்காய் தர ஐந்தாறு வருடம். நிறைந்த விளைச்சலுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம். அதன் பிறகும் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் மறுவருடம் ஓய்வு. சம்பளத்தோடு லீவு எடுக்கும் மரம் வேறெதுவும் இவ்வாய்வாளருக்குத் தெரியாது.

உலக அரசியல் பகுதியைச் சுருக்கிவிடுகிறேன், ஏனெனில் சுருக்கினாலும் கசக்கும். வில்லியம் வைற்ஹவுஸ் என்ற அமெரிக்கத் தாவர ஆய்வாளர் 1929இல் பாரசீகம் போய், ஏறத்தாழ 20 றாத்தல் விதையோடு திரும்பினார். அந்த விதைகளில் முளைத்த ஒரே ஒரு மரத்திலிருந்து வந்ததுதான் ‘கெர்மான்’ ரகம். கலிபோர்னியாவின் பிஸ்தாத் தோப்புகள் அதை நம்பித்தான் எழுந்தன. 1986இல் ஈரானியப் பிஸ்தாவுக்கு அமெரிக்கா 241 வீதம் வரி போட்டது. விதை கொடுத்தவனுக்குக் கிடைத்த நன்றி அது. பிறகு பிஸ்தா நிரப்பிய துபாய் சொக்லேட் வந்தது. 2023 இறுதியில் ஒரு பெண் காருக்குள் இருந்து அதைக் கடித்த காணொளி உலகம் சுற்ற, 2025 அளவில் ஒரு றாத்தல் பருப்பு 7.65 டொலரிலிருந்து 10.30 டொலருக்கு ஏறிவிட்டது. எங்கள் டொலர் கதை தனி: 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. பிஸ்தா ஏறினாலும் அடி, ரூபாய் இறங்கினாலும் அடி.

ஈரானோடு நமக்கு வேறொரு கணக்கும் உண்டு. முன்பு வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகத் தீர்ப்பது, மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதிக்கு அனுப்புவது என்று 2021 டிசம்பரில் உடன்பாடானது. பழைய கடன் என்பதால் தேயிலைப் பெட்டி போகும். பதிலுக்கு ஒரு பிஸ்தாவும் வராது. அந்தக் கொழுந்தைப் பறிப்பவர்களுக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்கூலி 1,350 ரூபாயாக இருந்தது. அதைக் கொண்டு கால் கிலோ பிஸ்தா வாங்க முடியவில்லை. இவ்விடத்தில் இவ்வாய்வாளருக்கு நகைச்சுவை வரவில்லை. அடுத்த பகுதிக்குப் போவோம்.

ஓட்டியல். ஓட்டோடு நூறு கிராம் வாங்கினால் பருப்பு ஏறத்தாழ ஐம்பது கிராம்தான். மிச்சப் பாதிக் காசு ஓட்டுக்கு. வாய் திறந்த பிஸ்தாவைப் பாரசீகர் ‘சிரிக்கும் பிஸ்தா’ என்கிறார்கள். பிறகு ஒருமுறை நான் வாங்கிய பொதியில் சிலது சிரிக்கவேயில்லை. பல்லால் முயல்வது பல் வைத்தியருக்கு இலாபம். எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு வசதி உண்டு: பாக்குவெட்டி. அதன் இடுக்கில் மூடிய பிஸ்தாவை வைத்து மெதுவாக அழுத்தினால் ஓடு பிளக்கும். கொஞ்சம் கூடினால் பருப்பு தூளாகும். இன்னும் கொஞ்சம் கூடினால் விரல்.

இனி, எங்கே வாங்குவது? பிலிமத்தலாவைச் சந்தியில் சூப்பர் மார்க்கெட் உண்டு. அங்கே கிலோ விலை கண்ணில் படாது. நூறு கிராம், ஐம்பது கிராம் பொதிதான். கிலோ விலையை எழுதினால் வாடிக்கையாளருக்கு நெஞ்சுவலி வரும் என்ற கருணையாக இருக்கலாம். கண்டிக்கு இறங்கினால் சந்தையைச் சுற்றிய தெருக்களில், நோன்பு காலத்துப் பேரீச்சம்பழக் குவியலுக்குப் பக்கத்தில் கிடைக்கும்.

“நானா, பிஸ்தா இருக்கா?”

“இருக்கு. எத்தனை கிராம் தம்பி?”

கஜு கேட்டிருந்தால் கால் கிலோவா அரைக் கிலோவா என்று கேட்டிருப்பார். விலை தெரிந்ததும் “மஸ்கத்துக்குக் கஜுதானே போடுறோம், பால்கோவாவுக்கும் போடுங்க” என்று அவரே வழி சொன்னார். ஓமானின் தலைநகரப் பெயரைச் சூடிய பலகாரமே நம்மூர்க் கஜுவோடு சமாதானமாகிவிட்டது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். புறக்கோட்டை மொத்தக் கடைகளில் இன்னும் மலிவு என்பார்கள். போய்வரும் செலவையும் பகல் சோற்றையும் சேர்த்தால் அந்த மலிவு மாவனெல்லை தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும்.

ஆகச் சிறந்த கடை கட்டாரிலிருந்து வரும் மச்சானின் பெட்டி. சவர்க்காரம், பால்மா, தைலம் எல்லாவற்றுக்கும் அடியில், சட்டைக்குள் சுற்றி ஒரு கிலோ இருக்கும். அங்கே பேரமும் உண்டு: ஒரு பிடி கூடக் கேட்கலாம், கோபித்துக்கொள்ளலாம், கடைசியில் அள்ளிக்கொண்டு வரலாம். இந்த வீதியில் பிஸ்தாகம என்று ஏதும் உண்டென்றால் அது அந்தப் பெட்டிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கும்.

எனக்குக் கட்டாரில் மச்சான் இல்லை. உங்களுக்கு இருந்தால், அடுத்தமுறை வாய் திறந்த பிஸ்தாவாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பாக்குவெட்டி வேண்டுமென்றால் பிலிமத்தலாவைக்கு வாருங்கள், வீதியின் இருபக்கமும் இருக்கிறது, பேரமும் பேசலாம்.