கடைசிப் பக்கம் இல்லாத கல்வி: கல்முனைக் கரையோர ரசனை பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரமாக வரிசைபிடித்து நிற்கும் ஊர்களில், ஐம்பது தாண்டிய ஆண்களின் ரசனை ஏன் இப்படி இருக்கிறது என்பது நெடுநாள் கேள்வி. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமே இருந்தும் இதற்கென்று ஒரு துறை இல்லை. ஆகவே இப்பணி முழுவதும் தேத்தண்ணிக் கடைகளின் தலையில் விழுந்தது. சின்ன வயதில் படித்ததும் பார்த்ததுமே ஒருவரின் ரசனையை ஆக்குகின்றன என்பார்கள். இவ்வாய்வு அதை மறுக்கிறது. ரசனையை ஆக்கியது, படிக்கவும் பார்க்கவும் கிடைக்காமற் போன மிச்சம்.

2. முன்னோடி

இத்துறையின் பிதாமகர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். வழக்கொழிந்த யாழைப் பழைய நூல்களின் குறிப்புகளிலிருந்து கணக்கிட்டு மீட்டவர். அவரது 'யாழ் நூல்' 1947 ஜூனில் வெளிவந்தது. மறுமாதமே சென்னையில் 'அம்புலிமாமா' என்ற சிறுவர் இதழ் பிறந்தது. இது தற்செயல் என்போர் ஆய்வுமுறை அறியாதவர்.

3. சான்றுகள்

(அ) வேதாள வகையினர். அம்புலிமாமா இக்கரைக்கு வந்து சேர்ந்ததும் வாசகனிடம் வந்து சேர்ந்ததும் ஒன்றல்ல. 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியபின், இருந்த பழைய பிரதிகள் தெருத்தெருவாகக் கைமாறின. ஓதப்பள்ளிக்குப் போகும் வழியில் ஒருவன், திரும்பும் வழியில் இன்னொருவன். பின்னட்டை முதலில் கழன்றது. அதை ஒட்டிய பக்கங்கள் பஸ் நிலையத்தில் கச்சான் சுருளாயின. அதில் வந்த விக்கிரமன் கதையில் வேதாளம் கேள்வி கேட்ட பக்கம் இருக்கும், விக்கிரமன் விடை சொன்ன பக்கம் இருக்காது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்பது நிபந்தனை. இக்கரையில் அப்படித் தலை வெடித்த பிள்ளை எவரும் இல்லாததால், எல்லாரும் ஏதோவொரு விடையைச் சொல்லியிருக்க வேண்டும். இன்று எந்த விடயத்திலும் கேட்காமலே விடை சொல்பவர்கள் இவர்கள்.

(ஆ) மாயாவி வகையினர். சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. பிரித்தானிய இதழொன்றிலிருந்து வந்த நாயகன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். இதன் தாக்கத்தைக் கல்யாண வீட்டில் கிட்ட இருந்து கவனிக்கலாம். ஆறு பேர் வட்டமிட்டு உண்ணும் சஹனில், பேச்சு சூடேறிய நேரம் பார்த்து ஒருவர் முற்றாக மறைந்துவிடுவார். கை மட்டும் இறைச்சித் துண்டை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். தேத்தண்ணிக் கடையில் கணக்கு வரும் வேளையிலும் இவர் மறைவதுண்டு. அப்போது கையும் தெரியாது. மூலக்கதையை விஞ்சிய வளர்ச்சி இது.

(இ) ரூபவாஹினி வகையினர். 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் ஆக்கித் தந்த 'தொஸ்தர ஹொந்தஹித', 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆகிய கார்ட்டூன்களை, சிங்களம் ஒரு சொல்லும் தெரியாமல் ஒரு தலைமுறை பார்த்தது. பார்த்தது என்பதும் மிகையே. வாப்பா கூரையில் அன்டெனாக் கம்பத்தோடு நிற்பார்.

"இப்ப தெரியுதா மகன்?"

"இல்ல வாப்பா, புள்ளி புள்ளியாக் கிடக்கு. கொஞ்சம் கடல் பக்கம் திருப்புங்க."

கடல் பக்கம் திருப்பி முடிய நிகழ்ச்சியும் முடியும். மறுநாள் வகுப்பில் முழுக்கதையும் சொல்லப்பட்டது, ஆளுக்கொரு விதமாக. இவர்களே இன்று கொரியத் தொடரை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்து, வீட்டாருக்கு வசனம் சொல்பவர்கள். தேர்தல் முடிவுகளையும் இதே முறையில்தான் விளக்குகிறார்கள்.

4. மறுப்பும் மறுமொழியும்

இது ரசனை அல்ல, வெறும் தட்டுப்பாடு என்பர் சிலர். ஒவ்வொரு தெருவிலும் இதழ்களைப் பைண்ட் செய்து அலுமாரியில் பூட்டி வைத்த வசதியான பிள்ளை ஒன்று இருந்ததே, அதன் ரசனை இன்று என்ன? நிலத்தின் விலை. வேறு சான்று வேண்டியதில்லை.

மேலும், இச்சிறு கரையிலிருந்து நீலாவணன், எம். ஏ. நுஃமான், சோலைக்கிளி, அனார் என்று இத்தனை கவிஞர்கள் எப்படி வந்தார்கள்? பாதியைச் சொல்லாமல் விடுவதே கவிதை என்றால், பாதி கிடைக்காத ஊர்தான் அதற்கு ஏற்ற நிலம். இவர்கள் கிழிந்த அம்புலிமாமா படித்தார்களா என்பதற்கு ஆதாரம் எதுவும் திரட்டப்படவில்லை. முடிவு முன்பே எட்டப்பட்டுவிட்டதால் அதற்கான தேவையும் எழவில்லை.

5. பரிந்துரை

இன்றைய பிள்ளைக்கு எல்லாம் முழுமையாகக் கிடைக்கிறது. ஒரு பாகம் முடியுமுன் அடுத்தது தானே ஓடுகிறது. கேள்வியும் விடையும் ஒரே திரையில். இந்நிலை நீடித்தால் தேத்தண்ணிக் கடைகளின் எதிர்காலம் கவலைக்கிடம். ஆகவே 1980 முதல் இலவசப் பாடநூல் வழங்கிவரும் அரசு, இனி ஒவ்வொரு நூலின் இறுதித் தாளையும் கிழித்துவிட்டு வழங்குவது நன்று. அச்சுச் செலவும் மிச்சம்.

முன்னோட்டமாக, தகவலாளி ஒருவர் தம் பேரன் கார்ட்டூனின் உச்சக்கட்டத்தில் இருந்தபோது வைஃபையை நிறுத்திப் பார்த்தார். பிள்ளை அழவில்லை, கதையின் மிச்சத்தைக் கற்பனை செய்யவும் இல்லை. அடுத்த வீட்டுக் காக்காவின் வைஃபைக் கடவுச்சொல் அவர் மூத்த மகளின் பெயராகத்தான் இருக்கும் என்று ஊகித்து, அடித்துத் திறந்துவிட்டது.

கருதுகோள் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.