சுறாவின் வாயில் அத்தை: எட்டாம் திணை குறித்து ஓர் ஆய்வு

அகத்திணை ஏழு என்று தொல்காப்பியர் வகுத்து முடித்துவிட்டார். அவர் காலத்தில் முப்பரிமாண ஓவியக் கூடங்கள் இல்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். உற்றார் நண்பர் அனைவரும் ஒரே வேனில் கிளம்பிப் போய், சுவரில் வரைந்த சுறாவின் வாய்க்குள் தலையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் ஒழுக்கத்துக்கு இலக்கணம் வேண்டாமா? குளிரூட்டிய கட்டிடத்துக்குள்ளேயே நிகழ்வதால் இதைப் புறத்திணையில் தள்ளவும் வழியில்லை. எனவே எட்டாம் திணை.

முதற்பொருளில் நிலம், சென்னையைப் பொறுத்தவரை, கடலும் கடல் சார்ந்த ஈசிஆரும். அங்கே விஜிபி வளாகத்தில் ஓவியர் ஏ.பி. ஸ்ரீதர் 2016-ல் ‘கிளிக் ஆர்ட்’ அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பெரும்பொழுது மே மாத விடுமுறை. சிறுபொழுது வெளியே கால் வைக்க முடியாத உச்சி வேளை. கருப்பொருளில் தெய்வம் செல்போன். விலங்கு சுறா, முதலை, கொரில்லா. பறவைக்குச் சுவரில் இரண்டு இறக்கை மட்டும் உண்டு. உடம்பை வருகிறவர்தான் கொண்டுவர வேண்டும். உரிப்பொருள், நிற்றலும் நிற்றல் நிமித்தமும்.

1851-இல் தோன்றிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். நாம் போனாலும் போகாவிட்டாலும் அவர் ஆட்டத்தில் குறைவில்லை. ஈசிஆர் சுறாவோ ஆள் வரும்வரை வாயைத் திறந்தபடி காத்துக் கிடக்கிறது. பார்வையாளர் இல்லாமல் முற்றுப்பெறாத கலை இது என்று துணிந்து சொல்லலாம்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ரோமில் புனித இக்னேஷியஸ் தேவாலயத்துக்குக் குவிமாடம் கட்ட முடியாமல் போனபோது, ஆந்த்ரேயா போட்ஸோ என்ற இயேசு சபைத் துறவி 1685-ல் சுமார் 17 மீட்டர் அகலத் துணியில் ஒரு குவிமாடத்தை வரைந்து கூரையில் ஏற்றிவிட்டார். எந்த இடத்தில் நின்று அண்ணாந்தால் அது நிஜமாகத் தெரியும் என்பதற்குத் தரையில் அடையாளமும் பதித்திருக்கிறார்கள். இன்று ஓவியக் கூடங்களின் தரையில் ஒட்டியிருக்கும் ‘போட்டோ பாயிண்ட்’ பாதச் சுவடுகளுக்கு மூதாதை அதுவே. இன்னும் பழைய சான்று நம் தாராசுரத்தில் உள்ளது. இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயிலில் யானைக்கும் காளைக்கும் பொதுவாக ஒரே தலை செதுக்கியிருக்கிறார்கள். வழிகாட்டி தன் உள்ளங்கையால் ஓர் உடலை மறைத்தால் யானை; மறு உடலை மறைத்தால் காளை. டிக்கெட், பாதச் சுவடு எதுவும் இன்றி, ஒரே ஒரு கையை வைத்துக்கொண்டு எட்டு நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் காட்சி அது.

இனி ஆய்வின் கடினமான பகுதிக்கு வருவோம். கூடத்துக்குள் நுழைந்ததும் பெரியப்பா ஒருவர், “இதுல என்ன இருக்கு, வெறும் சுவரு” என்பார். அவரைக் கேலி செய்வது வழக்கம். ஆனால் அறிவியல்படி அவர் சொல்வது சரி. மனிதக் கண்கள் இரண்டும் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் ஒரே பொருளைச் சற்றே வேறு வேறாகப் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டை வைத்து மூளை, இது தட்டை, இது ஆழம் என்று கண்டுபிடித்துவிடுகிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. அதன் லென்ஸ் ஒற்றைக் கண். ஓவியர் ஏமாற்ற நினைத்தது அந்த ஒற்றைக் கண்ணைத்தான், பெரியப்பாவை அல்ல. நேரில் சுவராக நிற்பது போனுக்குள் கடலாகப் பொங்குவது இதனால்தான். நம்பாதவர் ஒரு கண்ணை மூடிப் பார்க்கலாம். குடும்பத்தோடு போயிருக்கும்போது அது பார்ப்பவர்களுக்கு வேறு பொருள் தரக்கூடும்.

ஓவியத்தை ஒரே புள்ளிக்காகக் கணக்கிட்டு நீட்டி வளைத்திருப்பதால், சுவடு ஒட்டிய இடத்தில் நிற்பவருக்கே சுறா கடிக்கும். பக்கவாட்டில் நின்று தங்கள் போனிலும் எடுக்கும் சித்தப்பா, மச்சான், நண்பரின் மைத்துனர் ஆகியோருக்குச் சுறா இழுபட்டுச் சுவரோடு போய்விடும். பிறகு “எங்க போன்ல சரியா வரல, கேமரா சரியில்ல” என்று போன் நிறுவனத்தின் மேல் பழி போடுவார்கள்.

மெய்ப்பாடு எட்டனுள் ஓவியர் எதையும் வரைந்து தருவதில்லை. அதை நாம் போட வேண்டும். இங்கேதான் தலைமுறைகள் பிரிகின்றன. பதினைந்து வயதுப் பெண் மூன்று நொடியில் அச்சம், மருட்கை இரண்டையும் முகத்தில் கொண்டுவந்து, படம் எடுத்ததும் துடைத்துவிடுகிறாள். தகப்பனார் வாயைத் திறந்தால் கொட்டாவி என்று பதிவாகிறது. அதைப் பார்த்து நிற்கும் மகனிடம் இளிவரல். நகை முழுவதும் சட்டகத்துக்கு வெளியே. வரிசையில் காத்திருக்கும் அடுத்த குடும்பத்திடம் வெகுளி. அழுகை ஒன்றுதான் நடிப்பில்லாதது: அப்பாவைச் சுறா விழுங்குகிறது என்று நம்பும் இரண்டு வயதுக் குழந்தையுடையது அது.

அத்தைகள் தனி வகை. “அத்தை, கத்துங்க! பயந்த மாதிரி!”

“எதுக்குடா கத்தணும்? நல்ல ஏசிதானே இருக்கு.”

ஸ்டூடியோவில் “ஆடாம இருங்க” என்று சொல்லி, ஃபிலிம் சுருளில் 36 படத்துக்கு மேல் இல்லை என்று எச்சரித்து வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். கேமரா முன் முகத்தை அசைப்பது காசை வீணாக்குவது. ஆகவே அத்தை கைப்பையை மடியில் வைத்து, முந்தானையைச் சரிசெய்து, சுறாவின் கீழ்த்தாடையில் டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவர்போல் அமர்ந்திருக்கிறார். அன்று எடுத்த படங்களிலேயே சிறந்தது அதுதான் என்பது இவ்வாய்வாளரின் முடிபு. கத்துகிறவர்களின் படத்தில் சுறா ஓவியமாகவே நிற்கிறது. அத்தையின் படத்தில் அது வளர்ப்புப் பிராணியாகிவிடுகிறது. உரையாசிரியர்களாலும் பெருமிதம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுத் தேட முடியாது.

படம் வேனிலிருந்தே ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. முதல் மறுமொழி மதுரையிலிருந்து: “அத்தை ரொம்ப இளைச்சுட்டாங்களே. சுகர் பாத்தீங்களா?”