பந்தக்காலை ஆட்டிப் பாரு, பேராண்டி

டில்லியில இஞ்சினியர் உத்தியோகமாக்கும்? போ ராசா, நல்லாயிரு. போறதுக்கு முன்னாடி 1325-ஆம் வருசத்துச் சேதியைக் கேட்டுக்கிட்டுப் போ. உன் பரீட்சையில இதெல்லாம் கேட்டிருக்க மாட்டாங்க.

அப்ப சுல்தான் கியாசுதீன் துக்ளக். துக்ளகாபாத்துன்னு மலையாட்டம் ஒரு கோட்டை. ஊர்ல உள்ள கொத்தனெல்லாம் அங்கதான் வேலைக்குப் போகணும். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா, பாவம், ஒரு கிணறு வெட்டிக்கிட்டிருந்தார். ஆளுக பகல்ல கோட்டைக்கும் ராத்திரி கிணத்துக்கும் போனாங்களாம். விளக்குக்கு எண்ணெய் விக்கக் கூடாதுன்னாராம் சுல்தான்; கிணத்துத் தண்ணியே எரிஞ்சுச்சாம். கதைதான். ஆனா முதலாளிக்குத் தெரியாம சைடு வேலை பாக்குறது அங்க பழைய வழக்கம்னு தெரிஞ்சுக்க.

வங்காளத்துல ஜெயிச்சுட்டுத் திரும்புன சுல்தான், ‘நான் வர்றதுக்குள்ள ஊரைக் காலி பண்ணு’ன்னு அவுலியாவுக்கு ஆள் அனுப்பினாராம். ‘டில்லி இன்னும் தூரந்தான்’னாராம் அவர். டில்லிக்குப் பக்கத்துல அப்கான்பூர் வரைக்கும் வந்தாச்சு. மூத்த மகன் ஜூனாகான், நம்ம மதுரைக்குப் படையோட வந்த அதே மகராசன், அப்பனுக்கு மரத்துல மண்டபம் கட்டி, விருந்து வச்சு, யானைகளை ஓட்டிக் காட்டினான். மண்டபம் பொலபொலன்னு விழுந்துச்சு. மகன் வெளியில பத்திரம்.

இடி விழுந்துச்சுன்னு எழுதிவச்சார் சரித்திரக்காரர் பரணி. அரண்மனைச் சோறு தின்னவர். ஊர் ஊராச் சுத்துன பயணி இபின் பதூதா வேற சொல்றார்: யானை மிதிச்சா விழுற மாதிரியே கட்டினதாம். ‘மம்பட்டி கொண்டாங்கடா’ன்னு மகன் கத்தினானாம், மெதுவா வாங்கன்னு சைகையும் காட்டினானாம். தோண்டிப் பாத்தா சுல்தான் தன் செல்லச் சின்ன மகன் மேல கவுந்து கெடந்தாராம். கட்டுன பக்கத்துல நட்டப்பட்டவன் ஒருத்தனும் இல்ல. கட்டுன அகமது பின் அயாஸ் வஜீராயிட்டான், மகன் முகமது பின் துக்ளக்னு சுல்தானாயிட்டான். நீயும் கட்டுற ஆளுதானே, பொழைச்சுக்குவ. ஆனா ரயிலடியில எவனாச்சும் மாலையோட நின்னா, முதல்ல பந்தக்காலை ஆட்டிப் பாரு.

அவுலியாவும் அதே வருசம் போய்ச் சேர்ந்தார். சேதி கேட்டு வங்காளத்துலேருந்து ஓடிவந்த கவி அமீர் குஸ்ரோவும் ஆறே மாசத்துல பின்னாடியே போனார்; பக்கத்திலேயே அடக்கம். கோட்டை? ரெண்டு மூணு வருசத்துல வெறிச்சோடிப் போச்சு.

அந்த இபின் பதூதா ஊரைவிட்டுக் கிளம்புனதும் அதே 1325-லதான். வயசு 21. டில்லிக்கு வந்து சேர 1334 ஆயிப்போச்சு. அந்த மகன்கிட்டயே காஜி உத்தியோகம் வாங்கி, டில்லியில பொண்ணு கட்டி, கடைசியில மதுரை சுல்தானுக்குச் சகலையாவும் ஆயிட்டார். நீ அங்க எவளையாச்சும் பாக்குறதா இருந்தா, அக்கா புருசன் யாருன்னு மட்டும் விசாரிச்சு உங்கப்பனுக்கு ஒரு போன் போடு.