சைக்கிள் தூரத்தில கிடந்த சொல்லு

வா மனே, இரி. என்ன, போனுக்குள்ள தலைய வெச்சிட்டு வாறாய்? டான்சுக்கு ஸ்பானிய பாஷையில என்ன சொல்லு எண்டு தேடுறியா? நாவற்குடாவில ஆடப் பழக்கிற வகுப்புக்குப் பலகை எழுத ஸ்பானியச் சொல்லு! வாவி மீன் வாசிக்கவோ?

என்னவாம் போன் சொல்லுது? 'பைலே'யா? அட பொடியா! சுனாமிக்கு முந்தி சைக்கிள்ள போற தூரத்தில இரிக்கிற டச்பாரில ஒரு பறங்கியர் கலியாணத்துக்குப் போயிருந்தா, அந்தச் சொல்லு சாப்பாட்டோட கிடைச்சிருக்குமே.

1628இல போத்துக்கீசன் வந்து நம்மட புளியந்தீவில கோட்டை கட்டினான். 1638இல ஒல்லாந்தன் அதப் புடுங்கிட்டான். கோட்டை கை மாறிச்சு, ஆட்டம் மாறல்ல. ஆடுறத்துக்குப் போத்துக்கீசில 'பைலார்'. ஸ்பானியத்திலயும் அதுதான். ரெண்டும் அக்கா தங்கச்சிப் பாஷை மனே. நீ பஸ்ஸில கேக்கிற பைலா எங்கால வந்ததெண்டு நினைச்சாய்? போத்துக்கீசன்ட வழி வந்த பறங்கியர் வீட்டுல வயலின் இழுபட்டு கப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினா, முழங்கால் நோகுதெண்டு குந்தியிருந்த கிழவியும் எழும்பும். நானும் எழும்பினவன்தான். மறுகா ரெண்டு நாள் படுத்திருந்த கதை உனக்கெதுக்கு?

பொறு, கீழ இன்னொண்டும் கிடக்கே. 'தான்சா'. இப்ப முழிக்கிறாய்! எதப் போடுற? கலியாணம், திருவிழாவில சனம் ஆடினா ஸ்பானியக்காரனுக்குப் பைலே எண்டுதான் வாயில வரும். தான்சா கொஞ்சம் சரிகை வேட்டி கட்டின சொல்லு.

நம்மட்ட மட்டும் ஒரு சொல்லா இரிக்கு? களரியில வடமோடி எண்டா கூத்து. மேடையில பரதம் எண்டா நடனம். அம்மன் சடங்கில தெய்வம் ஆடுற. அதப் போய் டான்ஸ் எண்டு சொல்லிப் பாரு, சடங்கு நடத்துற கட்டாடியார்ட பிரம்பு பதில் சொல்லும். கள்ளுக் குடிச்சிட்டு ஆடினா? அதுக்குப் பேர் வைக்கிற வேலை பொஞ்சாதிட.

படிச்ச ஆக்கள் நம்மட கூத்தை இங்கிலீசில 'போக் டான்ஸ்' எண்டு எழுதுறாங்களாம். கூத்துப் பழக்கிற அண்ணாவியார்ட மத்தளம், விடிய விடியப் பாட்டு, பாரதத்துச் சண்டை, துரோபதைட அழுகை, எல்லாம் அந்த ரெண்டு சொல்லுக்குள்ள! யானையச் செம்புக்குள்ள இறக்கினாப்போல.

சரி, பலகைய எழுதுவம். முதல்ல சொல்லு, உன்ட வகுப்பில என்னத்தப் பழக்கிற? சினிமாப் பாட்டுக்கு இடுப்பாட்டுறதா?

அப்ப இடுப்புக்கு ஸ்பானியத்தில என்ன எண்டு தேடு மனே.