பார் புகழும் பதில்கள்

'டைவ் பார்' என்கிறார்களே, அது என்ன டைவ்?
– சொல்லாராய்ச்சிப் பிரியர், தஞ்சாவூர்

டைவ் என்றால் முங்குவது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நகரங்களில் மலிவு மதுக்கடைகள் பலவும் நிலவறையில் இருந்தன. தெருவில் போகிறவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் படியில் முங்கிவிடுவார். அப்படி வந்த பெயர் என்பது பரவலான விளக்கம். அன்றைக்கு வசைச்சொல், இன்றைக்குச் செல்லப்பெயர். மங்கிய விளக்கு, கிழிந்த ஸ்டூல், விலை மலிந்த பீர், அதே மூலையில் தினமும் அதே ஆள் என நான்கும் இருந்தால் அது டைவ். ஐந்தாவதாகக் கழிவறை பளபளவென்று இருந்தால் தவறான கடைக்கு வந்துவிட்டீர்கள்.

மகன் வீட்டுக்கு சிகாகோ போகிறேன். ப்ளூஸ் கேட்க நல்ல இடம் சொல்லுங்கள்.
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

ஆர்மிடேஜ் அவென்யூவில் ரோசாஸ் லவுஞ்ச். ப்ளூஸ் மீது பைத்தியமாகி இத்தாலியிலிருந்து வந்த டோனி மஞ்சுல்லோ என்ற டிரம்ஸ்காரர் 1984இல் ஆரம்பித்தது. கடையின் பெயர் காதலியுடையது அல்ல; ரோசா அவருடைய அம்மா. பையன் கெட்டுப்போகிறானே என்று அழாமல் கூட நின்று கடை நடத்திய தாய். உங்கள் மகனிடம் இந்தக் கதையைச் சொல்லாதீர்கள். உங்களையும் கடை வைக்கச் சொல்வான்.

ப்ளூஸ் சோகப் பாட்டுதானே? பிறகு ஏன் காது கிழிகிற சத்தம்?
– மெல்லிசை ரசிகை, மதுரை

காரணம் குடிமகன்கள்தான். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் பருத்திப் பண்ணை வேலையை விட்டு 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். தெற்கிலிருந்து வடக்கே பிழைக்கப் போன லட்சக்கணக்கான கறுப்பின மக்களில் அவரும் ஒருவர். ஊரில் திண்ணையில் உட்கார்ந்து கிதாரை வருடினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். சிகாகோ பாரில் கிளாஸ் சத்தம், வாய்ச் சண்டை, வெடிச்சிரிப்பு. கிதார் ஊமையாகிவிட்டது. அடுத்த வருடமே மின்கிதார் எடுத்தார். அவரோடு வாசித்த லிட்டில் வால்டர், மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்துக் கைகளுக்குள் பொத்திப் பிடித்து ஊதினார். சின்ன வாத்தியம் சாக்ஸபோன் போலக் கர்ஜித்தது.

பேச்சை நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். சொல்லாமல் ஒலியைக் கூட்டினார்கள். புது இசையே வந்துவிட்டது. மடி வாட்டர்ஸின் 1950ஆம் வருடப் பாட்டின் தலைப்பைத்தான் லண்டன் பையன்கள் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள்: ரோலிங் ஸ்டோன்ஸ். அவர்கள் உலகப் புகழ் பெற்ற பிறகு, 1981 நவம்பர் 22 அன்று, சிகாகோவின் 43ஆம் தெருவில் செக்கர்போர்டு லவுஞ்ச் என்ற சின்ன பாருக்கு வந்து அவரோடு சேர்ந்து வாசித்தார்கள். பேரன்கள் தாத்தா வீட்டுக்கு வந்த மாதிரி.

எனக்கு 63 வயது. வாசலில் வயதுச் சான்று கேட்பார்களாமே?
– வழுக்கைத் தலையர், ஈரோடு

கேட்பார்கள். அங்கே 21 வயது நிரம்பாமல் குடிக்க முடியாது. சந்தேகமே இல்லாத முகத்திடமும் கேட்பது பல கடைகளில் வழக்கம். பாஸ்போர்ட்டை நீட்டுங்கள். நம்மைப் பார்த்து 'நீ மேஜரா?' என்று கேட்க உலகத்தில் ஒருவராவது இருக்கிறாரே!

'சிகாகோ ஹேண்ட்ஷேக்' என்று ஏதோ இருக்கிறதாமே?
– கைகுலுக்கக் காத்திருப்பவர், சேலம்

குலுங்குவது கை அல்ல, குடல். ஓல்ட் ஸ்டைல் பீர் ஒன்று, கூடவே ஒரு சின்ன கிளாஸ் மாலோர்ட். பின்னது மாசிப்பத்திரி இனச் செடி ஒன்றைச் சேர்த்து வடிக்கும் சரக்கு. மதுவிலக்குக் காலத்தில் அதை மருந்து என்று சொல்லி விற்றார்களாம். குடித்துப் பார்த்த அதிகாரிகள் நம்பிவிட்டார்களாம். நிலவேம்புக் கஷாயம் குடித்து வளர்ந்த நமக்கு அது ஜுஜுபி.

டிப்ஸ் எவ்வளவு?
– சிக்கனச் சிங்காரம், காரைக்குடி

ஒரு பீருக்கு ஒரு டாலர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991இலிருந்து ஒரு சென்ட் ஏறவில்லை. பல மாநிலங்களின் சட்டம் இதைவிடக் கூட்டித் தரச் சொல்கிறது. மீதி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. மேடை ஓரத்தில் ஒரு பக்கெட் இருக்கும்; அது தண்ணீர் ஒழுகுவதற்கு வைத்தது அல்ல, வாசிப்பவர்களுக்கு.

நான் குடிக்க மாட்டேன். பாட்டு மட்டும் ஓசியில் கேட்கலாமா?
– தேவாமிர்தம் வேண்டாதவர், நாகர்கோவில்

சோடாவில் எலுமிச்சை பிழிந்து வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஓசி இசை என்று ஒன்று இல்லை. 'பாட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லையே, பாடலாசிரியருக்கு ஏன் காசு?' என்று நியூயார்க் உணவகம் ஒன்று வாதாடிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இசையால் லாபம் இல்லையென்றால் வைத்திருக்கவே மாட்டீர்களே என்று 1917இல் தீர்ப்பெழுதினார் நீதிபதி ஹோம்ஸ். கல்யாண மண்டபத்துக்காரர்களும் படிக்க வேண்டிய தீர்ப்பு.

பாரில் எழுந்து ஆடினால் போலீஸ் வருமா?
– கால் நிற்காதவர், புதுச்சேரி

நியூயார்க்கில் வந்திருக்கும். உரிமம் வாங்காத கடையில் வாடிக்கையாளர் ஆடக்கூடாது என்று 1926இல் போட்ட சட்டத்தை 2017இல்தான் நீக்கினார்கள். 91 வருடம்! நம் ஊர்ச் சட்டங்கள் மட்டும்தான் பழசு என்று இனிப் புலம்பாதீர்கள்.

இரண்டு ரவுண்டுக்குப் பிறகு நாமே மேடையேறிப் பாடலாமா?
– குளியலறை எஸ்.பி.பி., திருப்பூர்

'ஜாம்' இரவு என்று வாரத்தில் ஒரு நாள் வைக்கிற கடைகள் உண்டு. தாளில் பெயர் எழுதி, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். முதல் ரவுண்டுக்கு முன்னால் எழுதுங்கள். கையெழுத்தே சொல்லிவிடும்.

டாஸ்மாக் பாரிலும் நேரடி இசை வைத்தால் என்ன?
– யோசனைத் திலகம், விழுப்புரம்

ஏற்கெனவே இருக்கிறதே. வாடிக்கையாளர்களே வாய்ப்பாட்டு, மேசையே தவில். டிப்ஸ் பக்கெட்தான் இல்லை.

எப்போது மூடுவார்கள்?
– பொறுப்பான மாமியார், திருநெல்வேலி

சிகாகோவில் பொதுவாக இரவு இரண்டு மணி, சனிக்கிழமை மூன்று. தனி உரிமம் உள்ள கடைகள் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக. மருமகன் கார் சாவியை மட்டும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர வாடகைக் கார் கிடைக்கும்.

இந்தச் சின்னக் கடைகள் நிலைக்குமா?
– கவலைக்காரர், கோவை

1949இல் திறந்த தெரசாஸ் லவுஞ்ச் சிகாகோவில் உண்மையாகவே ஒரு நிலவறையில் இருந்தது. ப்ளூஸ் கலைஞர் ஜூனியர் வெல்ஸ் வருடக்கணக்காக அங்கே வாசித்தார். 1983இல் அந்த நிலவறைக்குப் பூட்டு. மடி வாட்டர்ஸும் ஸ்டோன்ஸும் வாசித்த செக்கர்போர்டும் இன்று இல்லை. மூடிய பிறகு கட்டுரை எழுத ஆயிரம் பேர் வருவார்கள். செவ்வாய்க்கிழமை இரவு காலி நாற்காலியை நிரப்ப ஆள் வராது. கைபேசியில் படம் பிடித்தது போதும், அது பக்கெட்டில் விழாது. ஐந்து டாலரைப் போட்டுவிட்டுப் படியேறுங்கள்.